ஓணானுக்கு ஒரு சாவி

கதவைத் திறந்த பெண்ணின் காதில் ஒரு பென்சில், கையில் ஒரு செல்போன், இடுப்பில் செருகின இன்னொரு செல்போன். மூன்றையும் மறந்துபோன முகம்.

"துப்பறியறவங்க வர்றதாச் சொன்னாங்களே?"

"நாங்கதான்," என்றாள் அண்ணி.

"ஆம்பளை ஒருத்தர் வருவார்னு நினைச்சேன்."

"ஒருத்தன் வந்திருக்கேனே, தெரியலையா?" பின்னாலிருந்து ஆணி தலையை நீட்டினான். "பக்கவாட்டுல நின்னா என்னை யாருக்கும் தெரியாது. இப்ப நேரா நிக்கறேன், பாருங்க."

அண்ணிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. புருஷனின் தம்பி ஆணி எப்போதும் "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே திரிந்ததில், போலீஸ்காரர்களும் வழக்கு கொண்டுவருபவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தொலைபேசி அலுவலகத்தில் புகார் கேட்கும் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவள். முகம் தெரியாத ஆட்களின் பேச்சை மட்டும் கேட்டுக் கேட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்று காதாலேயே எடை போடுவாள். ஆணியின் பெயர் உடம்பைப் பார்த்து வைத்தது. தலை பெரிது. அதற்குக் கீழே பார்க்க ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணை எல்லோரும் பூட்டக்கா என்றார்கள். வீட்டு முன் அறையில் அலமாரி முழுக்க இயந்திரங்கள். பெரிய கணினி, சின்ன கணினி, நாலு மாதிரி செல்போன், சோப்புப் பெட்டி அளவில் ஒரு ரூட்டர். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. செங்கல் அடுக்கின மாதிரி ஒழுங்கு. உள் அறையில் இன்னொரு மேஜை. அங்கே உட்கார்ந்தால் முன் அறை தெரியும். முன் அறையில் உட்கார்ந்தால் உள் அறைத் திரை தெரியாது.

"நாங்க வி.பி.என். செய்யறோம்," என்றாள் பூட்டக்கா. "நீங்க நெட்ல பேசறது பொது ரோட்டுல போற மாதிரி. அதை ஒரு குழாய்க்குள்ள விட்டு அனுப்பறோம். நடுவுல நிக்கறவன் குழாயைப் பார்ப்பான், உள்ள போறதைப் பார்க்க முடியாது. இலவசம். எழுதின கோடு, அதான் ப்ரோக்ராம், மொத்தமும் எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கோம்."

"பூட்டு செய்யறவங்க கதவைத் திறந்து போட்டிருக்கீங்களா?" என்றான் ஆணி.

"பூட்டை எப்படிச் செஞ்சோம்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம். சாவி மட்டும் அவங்கவங்ககிட்ட. பார்க்க விட்டாத்தான் ஓட்டை இருந்தா நாலு பேர் சொல்லுவாங்க."

"சாவிப் பல்லெல்லாம் நீங்களே சீவறதா?" அண்ணி கேட்டாள்.

"இல்லை. பூட்டோட உள்வேலை, செய்தியை ரகசியமாக்கற மறையாக்க நூலகத்துலேருந்து வரும்."

"நூலகமா? அங்க இருமக்கூட விடமாட்டாங்களே," என்றான் ஆணி.

பூட்டக்கா சிரிக்கவில்லை. "வேற ஆளுங்க எழுதி வெச்ச கோடு. அதை எடுத்து நாங்க பொருத்திக்கறோம். பழைய நூலகத்தை மூடறாங்க. இனிமே அதுல ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கிடையாது. அதனால புதுசுக்கு மாத்தறோம். ஆனா இந்த மெஷின்ல புதுசுதான் ஓடும், அதுல பழசுதான் ஓடும், ரூட்டர்ல ரெண்டும் ஓடாது, மூணாவது ஒண்ணு வேணும். எல்லாத்துக்கும் ஒரே கோடு பதில் சொல்லணும்."

"மூணு மாமியாருக்கு ஒரே மருமக."

இந்தத் தடவை அவள் உதடு கொஞ்சம் அசைந்தது.

"அதுக்கும் எங்களுக்கும் என்ன?" என்றாள் அண்ணி.

பூட்டக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "எங்ககிட்ட ஒரு சட்டம். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்த்துச் சரி சொன்னாத்தான் உள்ள சேரும். புது வெர்ஷன் வெளியே போகணும்னா ரெண்டு பேர் அவங்கவங்க சாவியால முத்திரை வைக்கணும். இதுவரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும். இப்ப மூணாவதா ஒருத்தர் வந்திருக்கார். யார்னு தெரியாது. ஓணான்னு பேர் வெச்சிருக்கார். எந்த மெஷினுக்குப் போனாலும் அந்தக் கலருக்கு மாறிடற மாதிரி கோடு எழுதுவார்."

ஓணானைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஆணி அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஆணியைப் பார்க்கவில்லை.

"பாருங்களேன், பழைய கோட்டை மாத்தி அனுப்பிட்டுக் கீழ எழுதறார்: 'இந்த வரிகளுக்கு வயதாகிவிட்டது. கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் வந்ததும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.'" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல்வரிசை முழுக்கத் தெரிந்தது. "அவருக்கு மூணாவது சாவி கொடுக்கலாம்னு இருக்கேன். நாளைக்கு வெளியீடு. இவர் கூடாதுங்கறார். கொடுத்தா நான் விட்டுட்டுப் போயிடுவேங்கறார்."

"ப்ராஜெக்டையா?"

"ப்ராஜெக்டையா, வீட்டையான்னு சொல்லலை. நானும் கேட்கலை." அவள் குரல் இறங்கியது. "போன வாரம் ஒரு பொண்ணு எழுதியிருந்தா. அவ புருஷன் வீட்டு நெட்டை உட்கார்ந்து கவனிக்கறானாம். எங்க குழாய் வழியாத்தான் அவ கூடப்பிறந்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேசறாளாம். இந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க. தப்பான கையில சாவியைக் கொடுத்துட்டா அவ கதி என்ன? எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ஓணான் யாரு? நம்பலாமா?"

வீட்டுக்காரர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நல்ல உயரம், பரந்த தோள். ஒரு சட்டையின் கழுத்தில் மூன்று கிளிப் போட்டிருந்தார். காற்றே இல்லை.

"பறந்துடுமா?" என்றான் ஆணி.

"எதை நம்பறதுன்னு தெரியலை இந்த வீட்ல." நாலாவது கிளிப்பையும் போட்டார். "என்ன சொன்னா? ஓணான் பிரமாதம், ஓணான் கெட்டிக்காரன், அதானே?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள் அண்ணி.

"ஓணானாவது பல்லியாவது. அவளோட அத்தை மகன்தான். முறைக்காரன். பழைய மெஷின் ரிப்பேர் கடை வெச்சிருக்கான். எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே அவன் கண்ணு அவமேல. நேரா வந்தா நான் கதவைச் சாத்திடுவேன்னு ஜன்னல் வழியா வர்றான்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? ராப்பகலா நான் எழுதி அனுப்பறேன். போன் வெர்ஷன் முழுக்க என் கைவேலை. அனுப்பினா என்ன பதில் போடுவா தெரியுமா? 'ம்'. ஒரே ஒரு எழுத்து. அதுவும் உயிர் இல்லாத எழுத்து! அதே அவன் ஒரு காற்புள்ளியைத் தள்ளி வெச்சாலும் 'அழகு', 'அருமை', 'இது எனக்குத் தோணலையே'."

"அவர் எழுதறது நல்லா இருக்கா?"

அவர் கொஞ்ச நேரம் ஈரத் துண்டைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. "நல்லாத்தான் இருக்கு. அதுதான் வயிறு எரியுது. இன்னைக்கும் பாருங்க, சாவி மாத்தற இடத்துல கையை வெச்சிருக்கான். நான் முப்பது வரியில கட்டினதை ஏழு வரியாச் சுருக்கி, கீழ ஒரு கட்டில் ஜோக் வேற. அதைப் படிச்சிட்டு அவ விழுந்து விழுந்து சிரிப்பா. நான் உள் ரூம்ல உட்கார்ந்து அதைக் கேட்கணும்."

"உங்க எழுத்தை யார் சரிபார்க்கறாங்க?"

"முன்ன அவ. இப்ப அவளுக்கு நேரம் ஏது? அவன்தான் பார்க்கறான்." துண்டை உதறினார். "அவனுக்குச் சாவி கொடுக்கக் கூடாதுங்க. எழுதி வெச்சுக்குங்க."

காரில் ஏறியதும் ஆணி சொன்னான்: "இவ்வளவு பெரிய ஆள், கண்ணால பார்க்காதவன்மேல இவ்வளவு பொறாமை. கண்ணால பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"வண்டியை எடு. அத்தை மகனைப் பார்ப்போம்."

"அண்ணனுக்கு உங்கமேல இந்த மாதிரி வந்ததுண்டா?"

"உன்னைக் கூட்டிட்டுச் சுத்தறேனே, அப்பவே புரிஞ்சுக்க வேண்டாமா, அவருக்குக் கவலையே இல்லைன்னு?"

ஆணி அடுத்த தெரு வரைக்கும் ஹாரனை மட்டும் அழுத்தினான்.

மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடத்தில் கடை. முதுகு தேய்ந்த கணினிகள் ஒன்றின் மேல் ஒன்றாக, மூட்டை அடுக்கின மாதிரி கூரை வரைக்கும் போயிருந்தன. நடுவில் அத்தை மகன், மடியில் ஒரு மின்விசிறியை வைத்துத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். வழுக்கை, தடித்த கண்ணாடி, காதோரம் கிரீஸ்.

அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவர் தூரிகையைக் கீழே போட்டார்.

"நானா ஓணான்? அம்மா, நான் ஓணானா இருந்தா என் பழைய மெஷினை நானே தூக்கிக் குப்பையில போடுவேனா? அந்த ஆள் போன மாசம் எழுதறார், 'நீங்கள் கட்டிக் காக்கும் இயந்திரத்தை இனி யாரும் வைத்திருக்கவில்லை, அதற்காக எழுதின கோட்டை எடுத்துவிடலாம்' அப்படின்னு. யாரும் வைத்திருக்கவில்லையாம்! இதோ இருக்கு!" ஒரு பழைய பெட்டியைத் தட்டினார். அது தும்முகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"அப்போ உங்களுக்கும் அவரைப் பிடிக்காது."

"எப்படிப் பிடிக்கும்? மாமா பொண்ணு முதல் வரி எழுதின நாள்லேருந்து நான்தான் எல்லாத்தையும் பழைய மெஷின்ல ஓட்டிப் பார்த்துச் சொல்றேன். எனக்கு 'நன்றி'. அதோட சரி. அவருக்கு 'நீங்கள் இல்லாமல் இது முடிந்திருக்காது'. அப்போ நான் இருந்ததாலதான் முடியலையா?"

"பூட்டக்காவோட வீட்டுக்காரர் நீங்கதான் ஓணான்னு நினைக்கறார்."

அத்தை மகன் சிரித்தார். கசப்பான சிரிப்பு. "அவருக்கு எப்பவும் என்மேல ஒரு கண்ணு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. இன்னமும் என்னைப் பார்த்தா பால்கனிக் கதவைச் சாத்தறார்."

ஆணி விரல் விட்டு எண்ணினான். "வீட்டுக்காரருக்கு உங்கமேல பொறாமை. உங்களுக்கு ஓணான்மேல பொறாமை. ஓணானுக்கு யார்மேல?"

"நல்ல கேள்வி," என்றாள் அண்ணி. "ஓணான் எழுதினதெல்லாம் பார்க்க முடியுமா?"

"திறந்த ப்ராஜெக்ட்தானே. யார் எழுதினதும் யாரும் படிக்கலாம். எங்க ஆளுங்க எல்லாரும் தமிழ்லதான் எழுதிக்குவாங்க." அவர் ஒரு திரையைத் திருப்பி வைத்தார்.

அதே நேரம் அது 'டிங்' என்றது.

"பாருங்க, சொல்லி வாயை மூடலை. ஓணான்தான். சுடச்சுட ஒரு பேட்ச், அதாவது புதுத் திருத்தம் அனுப்பியிருக்கார். கீழ ஜோக் வேற." அத்தை மகன் படித்தார், சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார், பிறகு சிரித்துவிட்டார். "பாழாப்போனவன், நல்லாத்தான் எழுதறான்."

அண்ணி எட்டிப் படித்தாள். "இது இப்பத்தான் வந்ததா? வேற எங்கயாவது முன்னாடியே போட்டிருப்பாரா?"

"இல்லையே. உங்க கண் முன்னாடிதானே வந்தது."

அதற்குப் பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டைத் தொடவில்லை. ஓணான் மற்றவர்களோடு பேசினதை மட்டும் மேலிருந்து கீழே படித்தாள். ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆணி, நீ சத்தமாப் படி," என்றாள்.

"பூட்டக்காவுக்கு எழுதினது: 'நீங்கள் சொன்னது சரி. உங்கள் வழி நேராக இருக்கிறது.' அண்ணி, குரல்ல தேன் தடவிப் படிக்கணுமா?"

"சும்மா படி. அத்தை மகனுக்கு எழுதினது?"

"'நீங்கள் சோதித்துச் சொன்னதற்கு நன்றி.' கடிச்சாலும் மரியாதையாக் கடிக்கறார். இது யாரோ புது ஆளுக்கு: 'நீங்கள் மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.'"

"வீட்டுக்காரருக்கு?"

"'பார்த்தாயிற்று. சரியாக இருக்கிறது. சேர்க்கலாம்.' அடுத்தது: 'படித்தாயிற்று. குறை இல்லை. சேர்க்கலாம்.' இன்னொண்ணு: 'இதுவும் சரி. சேர்த்துவிடலாம்.'" ஆணி நிறுத்தினான். மேலே போனான், கீழே வந்தான். "அண்ணி, இது என்ன? எல்லாருக்கும் நீங்கள், உங்கள், பாருங்கள், சொல்லுங்கள். இவருக்கு மட்டும் 'நீ'யும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. சுவத்தோட பேசற மாதிரி பேசியிருக்கான்."

"ஒரு இடத்துலகூட இல்லையா?"

"தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட இல்லை." திடீரென்று ஆணியின் பெரிய தலை பளபளத்தது. "பிடிச்சிட்டேன்! பேரும் சொல்லாம, நீ நீங்க எதுவும் சொல்லாம, 'வந்தாச்சா, சாப்பிட்டாச்சா'ன்னு பேசறது யாரு? புதுப் பொண்டாட்டி! ஓணான் வேற யாரும் இல்லை, பூட்டக்காதான்! தன்னோட திருத்தத்துக்கெல்லாம் வேற பேர் போட்டுப் புருஷனை வெறுப்பேத்தறாங்க!"

"பூட்டக்கா அவரை என்னன்னு கூப்பிட்டாங்க?"

"'நீங்க'ன்னு... ஆமா, காலையில நாம பால்கனிக்குப் போகும்போது, 'ஏங்க, உங்களைப் பார்க்க வந்திருக்காங்க'ன்னாங்க." தலையின் பளபளப்பு குறைந்தது.

"பாதி தூரம் சரியா வந்திருக்கே," என்றாள் அண்ணி. "வண்டியை எடு. மீதியை அங்க போய்ப் பார்ப்போம்."

பூட்டக்கா கதவைத் திறந்தபோது சிரித்து முடித்த முகம். திரையில் ஓணானின் புதுத் திருத்தம். உள் அறை வாசலில் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். சிரிப்பைக் கேட்டு முடித்த முகம்.

"ஓணான் யார்னு தெரிஞ்சிடுச்சு," என்றாள் அண்ணி. "வெளியாள் இல்லை. இந்த வீட்லதான் இருக்கார்."

பூட்டக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. "இந்த வீட்லயா? நானும் இவரும்தானே..."

"நீங்கதான்னு என் கொழுந்தன் சொல்றான்."

"நான் அப்பவே..." என்று ஆணி ஆரம்பித்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். "அவளா? நல்ல ஆளுங்களைக் கூப்பிட்டே போ. அவ இல்லைங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்லை. அவளுக்கு ஜோக்கே வராது."

பூட்டக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"காலையில அத்தை மகன்தான்னு அடிச்சுச் சொன்னீங்க," என்றாள் அண்ணி. "இப்ப உங்க மனைவின்னதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. தெரியாத ஆளைப் பத்தி யாரைச் சொன்னாலும் 'அப்படியும் இருக்குமோ'ன்னு ஒரு சந்தேகம் வரும். உங்களுக்கு வரலை. யார்னு தெரிஞ்சவருக்குத்தான் சந்தேகம் வராது."

"என்ன பேசறீங்க?"

"கட்டில் ஜோக் என்ன?"

"என்ன கட்டில்?"

"முப்பது பேர் தூக்கின கட்டிலை ஏழு பேர் தூக்கலாம், மேலே படுத்திருப்பவர் இறங்கினால் போதும். இது ஓணான் எழுதினது. நாங்க ரிப்பேர் கடையில இருக்கும்போதுதான் வந்தது. நீங்க துணி உலர்த்தும்போதே அதுக்கு வயிறு எரிஞ்சீங்க. முப்பது வரி, ஏழு வரி, கட்டில், எல்லாம் சரியாச் சொன்னீங்க. வராத விருந்தாளிக்கு முன்கூட்டியே கோபப்பட்டுட்டீங்க."

பால்கனியில் ஒரு கிளிப் கழன்று விழுந்த சத்தம் கேட்டது.

"அது ஒண்ணு. இன்னொண்ணு, ஓணான் எல்லாரையும் 'நீங்கள்'ங்கறார். உங்களை மட்டும் எதுவும் சொல்லி அழைக்கலை. 'நீ'ன்னு எழுத மனசு வரலை, அது உங்களை நீங்களே மட்டம் தட்டற மாதிரி. 'நீங்கள்'னு எழுத விரல் ஓடலை. தனக்குத்தானே மரியாதை கொடுத்து எழுத யாருக்கும் கூச்சமா இருக்கும். அதனால 'பார்த்தாயிற்று, சேர்க்கலாம்'னு தாண்டித் தாண்டிப் போயிட்டீங்க."

வீட்டுக்காரர் உட்கார இடம் தேடினார். கிடைத்தது ரூட்டர் பெட்டி. அதன்மேல் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவைதான்னு நினைச்சேன்," என்றார். மனைவியைப் பார்க்கவில்லை. "ஒரு சின்னத் திருத்தம். வேற பேர்ல அனுப்பினேன். நீ 'அழகா இருக்கு'ன்னு பதில் போட்டே. எனக்கு நீ அப்படி எழுதினதே இல்லை. அப்புறம் நிறுத்த முடியலை. நீ அவனுக்குப் பதில் எழுதறப்போ உள் ரூம்லேருந்து உன் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு வந்த பாராட்டுதான். ஆனா என் கைக்கு வந்து சேரலை."

"அவரே நீங்க. அப்புறம் யார்மேலங்க பொறாமை?" என்றான் ஆணி. உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"அவன்மேலதான்! மூட்டை தூக்கறது நான், கூலி வாங்கறது அவன். அதைத் தினமும் என் கண் முன்னாடியே வாங்கறான்."

"சாவி கொடுக்கக் கூடாதுன்னது?"

"ரெண்டு சாவியும் என் ஒரே கையில வந்துடும். அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை." மனைவி பக்கம் திரும்பினார். "அதோட, நீ எனக்குக் கொடுத்த சாவியையே அவனுக்கும் கொடுக்கறேங்கறதைத் தாங்க முடியலை."

ஆணிக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பூட்டக்கா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் முகம் வேறு எதையோ கணக்குப் பார்த்தது.

"உங்க திருத்தத்தை எல்லாம் யார் பார்த்துச் சரி சொன்னது?" என்றாள்.

அவர் ரூட்டர் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"நான் வேலை ஜாஸ்தின்னு ஓணானைத்தானே பார்க்கச் சொன்னேன்? ரெண்டு பேர் பார்த்தாங்கன்னு நம்பித்தானே சேர்த்தேன்? ரெண்டு கையெழுத்து, ஆனா பார்த்தது ஒரு ஜோடிக் கண்ணு."

"நான் நல்லாத்தான் பார்த்தேன். ரெண்டு தடவை..."

அவள் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுவிட்டாள். போன் வெர்ஷனில், புது நூலகத்துக்கு மாற்றின இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பென்சில் நுனி திரையில் வரி வரியாக இறங்கியது. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து வீட்டுக்காரரின் கால் வரைக்கும் வந்துவிட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பென்சில் நின்றது.

"இங்க வாங்க."

அவர் எழுந்து வந்தார்.

"எதிர்ப்பக்கம் இருக்கறது அசல் ஆள்தானான்னு நூலகத்தைக் கேட்கறீங்க. சரின்னா அது என்ன சொல்லும்?"

"ஒண்ணு."

"போலின்னா?"

"பூஜ்யம்."

"நூலகமே தடுமாறி, ஒண்ணும் சொல்ல முடியலைன்னா?"

அவர் திரைக்கு அருகில் குனிந்தார். "கழித்தல் ஒண்ணு."

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"பூஜ்யமான்னு கேட்டு, பூஜ்யம் இல்லைன்னா..." அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. "உள்ள விடு."

ஆணி மெதுவாகக் கேட்டான்: "அப்படின்னா?"

"காவல்காரன் 'போலி'ன்னு சொன்னா நிறுத்துவோம்," என்றாள் பூட்டக்கா. "காவல்காரன் மயங்கி விழுந்துட்டா, அவன்தான் 'போலி'ன்னு சொல்லலையேன்னு கதவைத் திறந்து விட்டுடுவோம். பழைய நூலகத்தைக் கூப்பிடற இடத்துல சரியா இருக்கு. மாத்தும்போது விழுந்திருக்கு. அந்தப் பொண்ணோட புருஷன் வீட்டு ரூட்டர்ல உட்கார்ந்து எங்க நூலகத்தைத் தடுமாற வெச்சான்னா, அவ பேசறது மொத்தமும் அவன் காதுக்குப் போகும். அவளுக்குத் தெரியவும் தெரியாது. குழாய் பத்திரம்னு பச்சை விளக்கு எரியும்."



"எழுதினவனுக்குத் தன் தப்பு தெரியாது," என்றார் வீட்டுக்காரர், யாருக்கோ சொல்வதுபோல. "அதுக்குத்தான் அந்தச் சட்டமே."

"நாளைக்கு வெளியீடு கிடையாது," என்றாள் பூட்டக்கா. "ஓணான் சரின்னு சொன்ன உங்க திருத்தம் அத்தனையும் திரும்ப வெளியே வரணும். உங்க பேர்ல மறுபடி அனுப்புங்க. நான் பார்ப்பேன். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, உங்க எழுத்துன்னா 'ம்' போட்டே பழகிட்டேன். அதனால இன்னொருத்தரும் பார்க்கணும். மூணாவது சாவியும் அவருக்குத்தான்."

"யாரு?"

"அத்தை மகன்."

வீட்டுக்காரரின் தோள் விறைத்தது. "அவனா?"

"அவர்தான். எந்தத் தடுமாற்றமும் முதல்ல பழைய மெஷின்லதான் தெரியும். அதை வெச்சிருக்கறது அவர் ஒருத்தர். போன் பண்ணுங்க. நீங்களே பண்ணுங்க."

அவர் செல்போனை எடுத்தார். எடுத்து, பெயரைத் தேடி, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். முதுகில் மூட்டை ஏறுவதற்கு முன் ஆள் ஒரு மூச்சு நிறுத்துவானே, அந்த மாதிரி. பிறகு அழுத்தினார். பால்கனிக்குப் போனார். "நான்தான் பேசறேன்... இல்லை, சண்டைக்கு இல்லை... நீங்க கொஞ்சம் வர முடியுமா?" என்பது வரைக்கும் கேட்டது.

அண்ணி புறப்பட எழுந்தாள். பூட்டக்கா அவளை நிற்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, திரையில் ஓணானின் பெயரைத் தேடி எடுத்தாள். அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் மிச்சமிருந்தது, செய்தி எழுதுகிற கட்டம். அதில் தட்டினாள்:

'ஓணான் அவர்களுக்கு, உங்கள் பெயரை இன்று எடுத்துவிட்டேன். செய்தது பெரிய தப்பு, அதற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த நாற்காலியில் என்னைச் சிரிக்கவைத்த ஒரே ஆள் நீங்கள். போய் வாருங்கள்.'

அனுப்பிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்காரர் எப்போது திரும்பி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் படித்திருந்தார். காலையில் பால்கனியில் இருந்த அதே முகம், அதே எரிச்சல். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"அவனுக்காகவா அழறே?"

"ஆமா."

"நான்... இதுக்கு ஒரு பதில் எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் பூட்டக்கா. "இது உங்களுக்கு எழுதினது இல்லை."